கைராசிக்காரி

மெலாஹத்தின் விரல்களில் எண்ணெய் வாடை போவதே இல்லை. பதினெட்டு வருடமாக அந்த வாடையோடுதான் அவள் மாவு பிசைந்தாள், தலை வாரினாள், மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நாஃப்தலானில் அதை யாரும் வாடை என்று சொல்வதில்லை. நிலத்துக்கு அடியிலிருந்து வரும் பழுப்பு நிறக் கச்சா எண்ணெயை உடம்புச் சூட்டுக்குக் காய வைத்துத் தொட்டியில் நிரப்பி, மூட்டுவலிக்காரர்களையும் தோல் நோய்க்காரர்களையும் அதில் பத்து நிமிஷம் உட்கார வைத்துத்தான் அந்த ஊரே சோறு தின்கிறது. தெருவுக்கு ஒரு சிகிச்சை விடுதி. அப்படி ஒரு விடுதியில், பெண்கள் பகுதியில், மூன்றாம் எண் குளியலறை மெலாஹத்துடையது.

தொட்டியில் இறங்க ஒரு கை கொடுப்பாள். பத்து நிமிஷம் ஆனதும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவாள். காலணி மாட்ட உதவும் நீளமான செருப்புக் கரண்டியால் கழுத்திலிருந்து பாதம்வரை எண்ணெயை வழித்து, காகிதத்தால் துடைத்து, வெந்நீருக்கு அனுப்புவாள். எண்ணெயில் ஊறிய உடம்பு விலாங்கு மீன் மாதிரி வழுக்கும். மெலாஹத்தின் கையிலிருந்து ஒருத்தர்கூட வழுக்கியதில்லை. அவள் கை பட்டால் வலி சீக்கிரம் விடுகிறது என்று யாரோ சொல்ல, அது பரவி, முன்பதிவு மேஜையிலேயே "மூணாம் நம்பர்ல போடுங்கம்மா, அந்தக் கைராசிக்காரிகிட்ட" என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து அறை ரஃபீகா இதைக் கேட்டு உதட்டைச் சுழிப்பாள். மெலாஹத்துக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

நவம்பரில் சனோபர் வந்தாள். கெதெபெய் மலையில் உருளைக்கிழங்கு போடும் குடும்பம். அறுபத்தொரு வயது. முழங்கால் இரண்டும் வீங்கி, இடது இடுப்பு தேய்ந்து, கக்கத்தில் ஒரே ஒரு ஊன்றுகோல். செத்துப்போன புருஷன் வாதுமை மரத்தில் தன் கையாலேயே இழைத்துக் கொடுத்தது. மேல்முனையில் ஆட்டுத் தோல் சுற்றியிருந்தது.

முதல் நாள் தொட்டியில் உட்கார்ந்ததும், "ஏம்மா, என்னைப் பாத்தா எண்ணெயில போட்ட கத்திரிக்கா மாதிரி இல்ல?" என்றாள்.

"இன்னும் நாலு நிமிஷம் வேகணும் பெரியம்மா."

"உப்பு போட்டுட்டியா?"

பன்னிரண்டு நாளும் இப்படியே போனது. ஆறாம் குளியலுக்கு விரல்கள் மடங்கின. ஒன்பதாம் குளியலுக்கு முழங்கால் வீக்கம் வடிந்தது. இடுப்பு மட்டும் இருந்தபடியே இருந்தது. மருத்துவரும் அட்டையில் 'ஓரளவு நிவாரணம்' என்றுதான் எழுதியிருந்தார். ஒவ்வொரு நாளும் மெலாஹத் துடைத்து முடித்ததும் சனோபர் அவள் கன்னத்தைத் தடவி, "உன் நோவெல்லாம் என்னைச் சேரட்டும் மகளே" என்பாள். எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். ஆனாலும் அந்தக் கை தன் கன்னத்துக்கு வரும் என்று மெலாஹத் காத்திருக்கத் தொடங்கினாள்.

பதினொன்றாம் நாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். விடுதியின் நடைவழியில் ஒரு சுவர் முழுக்க ஊன்றுகோல்கள் ஆணியில் தொங்கும். குணமாகிப் போனவர்கள் விட்டுப் போனவை, கீழே பேர், ஊர், வருஷம். கேமராக்காரன் சுவரைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பழசா இருக்கே. புதுசா யாராச்சும் விட்டுட்டுப் போறாங்களா?" என்று கேட்டான். செவிலியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் மெலாஹத்தைக் கேட்கவில்லை. அவளாகத்தான், "எங்கிட்ட ஒருத்தங்க இருக்காங்க" என்றாள்.

சனோபரிடம் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சனோபர் தயங்கினாள்.

"சமதரையில நடக்கறேன், சரி. கட்டை இல்லாம எப்படிம்மா ஊருக்குப் போறது? எங்க ஊர்ல ஆடே யோசிச்சுத்தான் ஏறும்."

அப்போதுதான் அந்தப் பேச்சு மெலாஹத்தின் வாயில் வந்தது. "இங்க ஒரு வழக்கம் இருக்கு பெரியம்மா. கட்டைய விட்டுட்டுப் போறவங்க நோயையும் விட்டுட்டுப் போவாங்க. எடுத்துட்டுப் போறவங்க நோயையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க."

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன மாத்திரத்தில் நூறு வருஷமாக ஊரில் புழங்கும் பேச்சு மாதிரி அது நின்றது. சனோபர் கொஞ்சநேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு ஊன்றுகோலை நீட்டினாள். பிறகு கேமராவுக்கு முன்னால் ஏழு அடி நடந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டியதில் அதிகச் சத்தம் போட்டது மெலாஹத்தின் கைதான்.

ஜனவரியில் சிம்னாஸ் என்று ஒருத்தி மூன்றாம் அறைக்கு வந்தாள். முழங்கையிலும் முதுகிலும் செதில் செதிலாகத் தோல் நோய். தொட்டியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நான் சனோபர் அக்கா ஊரு. அவங்க சொல்லித்தான் வந்தேன். மெலாஹத்கிட்டதான் போகணும்னு சொல்லிட்டாங்க."

மெலாஹத்தின் முகம் மலர்ந்தது. "எப்படி இருக்காங்க பெரியம்மா?"

"கை ஒடிஞ்சுபோச்சு. மாட்டுக் கொட்டில் வாசல்ல, பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடந்துச்சு. விழுந்துட்டாங்க. இப்ப மாவுக்கட்டு."

"வேற கட்டை ஏதாச்சும் வெச்சிருக்கலாமே?"

"அதைத்தான் எல்லாரும் கேட்டோம். தொடவே மாட்டேங்கறாங்க. கட்டைய எடுத்தா நோய் திரும்பி வந்துடும்னு குளியல்காரி சொன்னாளாம். நீங்கதானே அது?" சிம்னாஸ் எண்ணெய்க்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவா அது?"

மெலாஹத் சுவரில் இருந்த மணல் கடிகாரத்தைப் பார்த்தாள். இல்லை என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால், ஏன் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கும் காது இருந்தது.

"ம்," என்றாள்.

அன்று மாலை வீட்டில் உருளைக்கிழங்கு உரித்தபோது அந்தக் கொட்டில் வாசல் கண்ணில் வந்து நின்றது. அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் வந்தது. அடுத்த நாள் ஒரு நோயாளியைத் தூக்கி நிறுத்தும்போது பிடி நழுவப் பார்த்தது. ரஃபீகா கதவு வழியே பார்த்துவிட்டு, "என்னடி, கைராசிக்குக் காய்ச்சலா?" என்றாள். சிம்னாஸுக்கு இன்னும் பத்துக் குளியல் இருந்தது. பத்து நாளும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, பத்து நாளும் சொல்லாமல், முதுகை வழித்து அனுப்பினாள்.

சிம்னாஸ் ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை மெலாஹத் நடைவழிச் சுவரில் சனோபரின் ஊன்றுகோலுக்கு முன்னால் போய் நின்றாள். அந்தச் சுவருக்குப் பொறுப்பு மிர்ஸாகா. ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். பேர்ச் சீட்டுகளையெல்லாம் அவர்தான் அழகாக எழுதி ஒட்டுவார்.

"மிர்ஸாகா அண்ணே, இது எனக்கு வேணும்."

"உனக்கு என்ன கால்ல?"

"அந்தம்மாகிட்ட திருப்பிக் குடுக்கணும். அவங்களுக்கு இடுப்பு சரியாகல."

மிர்ஸாகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க கட்டை உள்ள வரும் தங்கச்சி. வெளிய போனதா சரித்திரம் இல்ல. ஆணி காலியா நின்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"குணமாகலன்னு நினைப்பாங்க."

"அதான் சொல்றேன்."

அவள் அசையாமல் நின்றாள். மருந்துக்கடையில் புதுசாக ஒன்று வாங்கிக் கொண்டுபோகலாம்தான். ஆனால் சனோபர் விட்டுப்போனது இதை. இதைத் திரும்பக் கையில் கொடுக்காமல் தன் பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. மிர்ஸாகா அவள் முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பின்னறைக்குப் போய் யாருடையது என்று தெரியாத, தூசி படிந்த ஊன்றுகோல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதை மாட்டிடறேன். சீட்டு அதுவே இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது."

சனோபரின் பேருக்கு மேலே எவருடையதோ தொங்கியது. மெலாஹத் வாதுமைக் கட்டையைக் குளியல் விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, கெஞ்சே நகரத்தில் வண்டி மாறி, மலை ஏறும் சிற்றுந்தில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கோழிக்கூடை வைத்திருந்த ஆள் மூக்கை உறிஞ்சி, "நாஃப்தலானா?" என்றான். அவள் கையை மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். அடுக்கிய எதிலும் 'நான்' என்ற சொல் கடைசியில்தான் வந்தது.

சனோபரின் வீடு சரிவின் உச்சியில் இருந்தது. மருமகள் கதவைத் திறந்து, யார் என்று தெரிந்ததும் வாய் நிறையச் சிரித்து, உள்ளே பார்த்துக் கத்தினாள். "அத்தே, உங்க கைராசிக்காரி வந்திருக்காங்க." அடுப்போரம் மெத்தையில் சனோபர் உட்கார்ந்திருந்தாள். வலது கை மாவுக்கட்டில். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். மெலாஹத் குனிந்ததும் இடது கையால் அவள் கழுத்தை வளைத்து முத்தம் கொடுத்தாள். ஆனால் விரிப்புக்குள் இருந்தது என்ன என்று அவள் கண் உடனே கண்டுகொண்டது. முகம் இறுகிவிட்டது.

மருமகள் தந்தூர் ரொட்டியும் ஆட்டுத் தோல்பையில் ஊறிய பாலாடைக்கட்டியும் சர்க்கரைப் பாகில் ஊறிய வால்நட்டும் கொண்டுவந்து வைத்தாள். தேநீர் வந்தது. "அத்தை சொல்லிச் சொல்லி ஊரே உங்களைப் பாக்கணும்னு இருக்கு. நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, மெலாஹத் வேண்டாம் என்பதற்குள் ஓடிவிட்டாள்.

இருவரும் தனியாக இருந்தார்கள்.

"பெரியம்மா, கட்டைய விட்டா நோயும் விடும்னு சொன்னேனே. அது நானா சொன்னது. அப்படி ஒரு வழக்கமே இல்ல. அன்னிக்கு வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்."

சனோபர் கண்ணாடிக் குவளையை அடுப்போரம் வைத்தாள். "தெரியும்."

"தெரியுமா?"

"நான் என்ன பால்குடியா? மரத்துக்குள்ள எங்க போய் நோய் குடியிருக்கும்? அதுல இருந்தது என் புருஷனோட கைவேலை மட்டும்தான்."

"அப்ப ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன்." சனோபர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பதினோரு நாள் என்னை அம்மணமாத் தொட்டுத் துடைச்சவ. பெத்த மக செய்யமாட்டா. அத்தனை பேர் முன்னால 'இவங்க நடப்பாங்க'ன்னு என்னைக் காட்டிட்டு நிக்கற. நான் முடியாதுன்னு சொன்னா உன் மானம் என்னாகும்? ஏழு அடிதானே, உனக்காக நடந்தா போச்சுன்னு நடந்தேன். கை தட்டினதுக்கப்புறம் கட்டையக் குடுங்கன்னு எந்த வாயால கேக்கறது? ஊருக்கு வந்தா, டிவியில பாத்தோம் பாத்தோம்னு எல்லாம் வாசல்ல நிக்குது. கட்டை எங்கன்னு கேட்டா உன் பேச்சைத்தான் சொன்னேன். வேற என்ன சொல்ல?"

மெலாஹத் அழ ஆரம்பித்தாள்.

"அழாத. அழுதா நான் தேத்தணும், எனக்கு இப்ப அதுக்கு ஆகாது." சனோபரின் குரல் உயரவில்லை. "நீ இவ்வளவு தூரம் வந்தது நல்லது. மனசுல இருந்ததை இறக்கிட்ட. சாயங்கால வண்டியில போயிடுவ, ராத்திரி தூக்கம் வரும். கீழ் வீட்டு சிம்னாஸ் இருக்காளே, போன வாரம் அவ மாமியாரோட கைத்தடிய முறிச்சு அடுப்புல வெச்சுட்டா. ஏப்ரல்ல எப்படியும் நாஃப்தலானுக்குக் கூட்டிட்டுப் போறோம், அதுவரைக்கும் நோயை எதுக்கு வீட்ல வெச்சுக்கணும்னு. என் பேச்சை அவ முழுசா நம்பல. நீ ஆமான்னு சொன்னியாம்."

மெலாஹத் 'ம்' என்று சொன்ன அந்த ஒரு எழுத்து மலையேறி வந்து ஒரு வீட்டு அடுப்பில் எரிந்திருந்தது.

"அதை யார் போய்ச் சொல்றது?" என்றாள் சனோபர். "நானா?"

அதற்குள் வாசலில் குரல்கள் கேட்டன. ஆறேழு பெண்கள் பனிக்காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி முழங்காலைத் திறந்து காட்டினாள். ஒருத்தி மெலாஹத்தின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, "இங்கதான், இங்கதான் குத்தும்" என்றாள். சிம்னாஸ் எல்லாருக்கும் முன்னால் நின்று, ஏதோ தானே மெலாஹத்தைக் கண்டுபிடித்த மாதிரி, "நான் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெலாஹத் எழுந்து நின்றாள். வழியெல்லாம் அடுக்கியது ஒன்றும் வரவில்லை.

"எனக்குக் கைராசி எல்லாம் இல்ல. நான் துடைக்கறவ. எண்ணெய் சிலருக்கு வலியைக் குறைக்கும், சிலருக்குக் குறைக்காது. சனோபர் பெரியம்மாவுக்கு இடுப்பு குணமாகல. கட்டைய விடச் சொல்லி நான்தான் பொய் சொன்னேன். அவங்க என் மானத்தைக் காப்பாத்தறதுக்கு உங்ககிட்ட அதைச் சொல்லிட்டு இருந்தாங்க. விழுந்ததும் என்னாலதான்."

தோளைக் காட்டியவள் மெலாஹத்தின் கையை மெதுவாக விட்டாள். ஒருத்தி களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். சிம்னாஸ் மட்டும் முன்னால் வந்தாள்.

"நான் உங்ககிட்ட நேராக் கேட்டேனே."

"கேட்ட."

"பத்து நாள் வந்தேன். பத்து நாளும் என் முதுகைத்தானே பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"வாங்க." சிம்னாஸ் மேலங்கியை எடுத்தாள். "நீங்களே வந்து எங்க மாமியாகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா, தடியை எரிச்சதுக்குச் சாக்கு சொல்றேன்னுதான் சொல்லும்."

சரிவில் இறங்கும்போது மெலாஹத் இரண்டு தடவை சறுக்கினாள். சிம்னாஸ் கை கொடுக்கவில்லை. பின்னால் மற்றப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மாமியார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியிலிருந்து கதவுவரைக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தது, பிடித்துக்கொண்டு போக. அதோடு கிழவிக்குக் காது கேட்காது.

"நான் சொன்னது பொய்" என்றாள் மெலாஹத்.

"என்ன?"

"பொய் சொன்னேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

வாசலில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். மெலாஹத் நன்றாக மூச்சை இழுத்து, தெருவே கேட்கும்படி கத்தினாள். "நான் பொய் சொன்னேன் அம்மா. தடியை எரிச்சா நோய் போகாது. நான் பொய் சொல்லிட்டேன்."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "இதைச் சொல்லவா இந்தப் பனியில வந்தா? பாவம், தேத்தண்ணி குடு. என் தடி என்னாச்சுன்னு கேளு, கொண்டாந்திருக்காளான்னு."

அவள் கொண்டுவரவில்லை. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் கெஞ்சேயில் வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று சிம்னாஸிடம் சொன்னாள். சிம்னாஸ் தேநீர் மட்டும் வைத்தாள். வீட்டுக்கு வந்தவளுக்கு அது வைக்காமல் இருக்க முடியாது.

மேலே திரும்பியபோது சனோபர் அறையில் இல்லை. மருமகள் கொட்டிலைக் காட்டினாள். வாதுமைக் கட்டையை இடது கக்கத்தில் செருகிக்கொண்டு, மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்தபடி, சனோபர் பசுவுக்கு முன்னால் நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக மாட்டை யாரும் ஒழுங்காகத் தேய்க்கவில்லை போலும். மெலாஹத் வாசலிலேயே நின்றாள்.

"சொல்லிட்டியா?" என்று திரும்பாமலே கேட்டாள் சனோபர்.

"சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

"அஞ்சு மணிக்கு வண்டி. ரொட்டி கட்டி வெச்சிருக்கா, எடுத்துட்டுப் போ."

கன்னத்துக்குக் கை வரவில்லை. மெலாஹத் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை விடுதிக்குப் போனதும் சுவரிலிருந்து சனோபரின் பேர்ச் சீட்டைக் கிழித்து, மிர்ஸாகாவின் மேஜையில் வைத்தாள். அவர் தலைமை மருத்துவரிடம் போனார். மருத்துவர் கூப்பிட்டு, நோயாளியிடம் மருத்துவம் பேசுவது உன் வேலை இல்லை என்றார். ஆமாம் என்றாள். அவள் எதிர்பார்த்த அளவுக்கு அவர் திட்டவில்லை. அதுவும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. வேலையும் போகவில்லை. கைத்தடி வாங்கி அனுப்பினாள். கிடைத்ததா என்று தகவல் வரவில்லை.

அதன்பின் அறையில் அவள் பேச்சு குறைந்தது. "எனக்குக் குணமாகிடுமா?" என்று கேட்பவர்களிடம், "டாக்டரைக் கேளுங்க" என்பாள். மூன்றாம் நம்பர் வேண்டும் என்று கேட்பவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நல்ல சொல்லுக்குத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அக்டோபரில் ஒருநாள், சுவருக்கு அந்தப் பக்கம் ரஃபீகாவின் அறையிலிருந்து பழக்கமான ஒரு சிரிப்பு கேட்டது. மெலாஹத்தின் கையிலிருந்த செருப்புக் கரண்டி நின்றது. முன்பதிவு மேஜையில் போய்ப் பார்த்தாள். கெதெபெய், சனோபர், இரண்டாம் சுற்று, பன்னிரண்டு குளியல், அறை நான்கு. அறை எண்ணுக்குப் பக்கத்தில் 'நோயாளி கேட்டபடி' என்று எழுதியிருந்தது.

எட்டு நாள் அவள் நடைவழியில் சனோபரின் குளியல் நேரத்தில் வரவே இல்லை. ஒன்பதாம் நாள் துணி மூட்டையோடு திரும்பியபோது நேருக்கு நேர். சனோபர் ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். கக்கத்தில் கட்டை. ஒடிந்த கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது.

"நல்லா இருக்கீங்களா பெரியம்மா?"

"இருக்கேன். விரல் மறுபடி மடங்குது." சனோபர் விரல்களை மடக்கிக் காட்டினாள். பிறகு நாலாம் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரஃபீகாவுக்குக் கை கனம். செதுக்கற மாதிரி வழிக்கறா. உன் கை மாதிரி இல்ல."

மெலாஹத் மூட்டையை இறுக்கிப் பிடித்தாள். "நாளைக்கு வேணும்னா மூணுல..."

"வேணாம். அவ இனிக்க இனிக்கப் பேசமாட்டா. எனக்கு அது போதும்."

சனோபர் கட்டையை முன்னால் ஊன்றி, இடுப்பை இழுத்து, தன் பாட்டுக்கு நடந்து போனாள். மூன்றாம் அறைக்குள்ளிருந்து யாரோ, பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். மெலாஹத் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி, எண்ணெய் சொட்டும் அந்தப் பெண்ணின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.